நியூ ஜெர்சியில் குற்றப் பதிவை நீக்குதல்: விசாவில் இருப்பவர் எதை முதலில் செய்ய வேண்டும்?

நியூ ஜெர்சியின் எடிசன், பிஸ்கட்டவே, பிளெயின்ஸ்பரோ போன்ற ஊர்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குற்றவியல் வழக்கு என்பது பெரும்பாலும் சிறிய சம்பவத்தில்தான் தொடங்குகிறது. கடையில் நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரத்தில் இரண்டு பொருட்களை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டது, வீட்டுக்குள் நடந்த சண்டைக்குப் பக்கத்து வீட்டார் போலீசை அழைத்தது, கல்லூரி விடுதியில் ஒரு கைகலப்பு என்ற அளவில்தான் இருக்கும். வழக்கு முனிசிபல் கோர்ட்டில் ஓர் அபராதத்தோடு முடிந்துவிடும். பதிவு மட்டும் முடியாது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வேலை மாறும்போதோ, கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ அது மறுபடியும் தலைகாட்டும். அத்தகைய பதிவை நீதிமன்றத்தின் வழியாக நீக்குவதற்கு நியூ ஜெர்சி சட்டம் வைத்திருக்கும் எக்ஸ்பஞ்ச்மென்ட் என்ற ஏற்பாட்டை, இதில் முதன்முறையாக இறங்குபவருக்கு ஏற்றபடி இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

படிகளுக்குப் போகும் முன் வரிசையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர், அதாவது எச்-1பி, எஃப்-1, எச்-4 விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும், முதலில் தம் வழக்கின் சான்றிட்ட நகல்களை வாங்கிப் பத்திரப்படுத்தி, அவற்றைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, அதன் பிறகே நீக்க மனுவைப் போட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள், பதிவு நீங்கிய மகிழ்ச்சி ஆறுவதற்குள், நீங்கிய அதே பதிவின் நகலைக் கேட்டுக் குடிவரவுத் துறை அனுப்பும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க நேரிடும்.

நீக்கம் எதைச் செய்கிறது

நியூ ஜெர்சி சட்டத் தொகுப்பின் 2சி பிரிவில் 52ஆம் அத்தியாயம் முழுவதும் இதைப் பற்றியதுதான். அச்சட்டத்தின்படி நீக்கம் என்பது ஆவணங்களை அழிப்பது அல்ல. நீதிமன்றம், போலீஸ், சிறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஆகியவற்றிடம் உள்ள கைது, வழக்கு, தண்டனை ஆவணங்களைப் பொதுக் கோப்பிலிருந்து பிரித்தெடுத்து, முத்திரையிட்டுத் தனியே ஒதுக்கி வைப்பதே அது. வேறு சில மாநிலங்களில் முத்திரையிடலும் நீக்கமும் இருவேறு நடைமுறைகள்; இங்கே இரண்டும் ஒரே உத்தரவில் அடங்கிவிடுகின்றன.

உத்தரவு கிடைத்த பிறகு, அந்தக் கைதும் தண்டனையும் நடக்காதவையாகவே கருதப்படும் என்று சட்டம் சொல்கிறது. தனியார் நிறுவனத்தின் வேலை விண்ணப்பத்தில் குற்றப் பதிவு உண்டா என்று கேட்டால் இல்லை என்று எழுதலாம், அது பொய்யாகாது. நீதித்துறை, காவல்துறை, சிறைத்துறை வேலைகளுக்கு விண்ணப்பிப்பவர் மட்டும் நீக்கப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் இன்னொரு வழக்கு வந்தால், முதல் முறை தவறியவருக்கான சலுகைத் திட்டத்தை ஏற்கெனவே பயன்படுத்தியவரா என்று பார்ப்பதற்கும் நீதிமன்றம் அந்தப் பதிவைத் திறக்கலாம்.

எதைச் செய்யாது

குடிவரவுச் சட்டம் மத்திய அரசின் சட்டம். தண்டனை என்றால் என்ன என்பதற்கு 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அது தனக்கென்று ஒரு வரையறை வைத்திருக்கிறது: ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தாலோ, குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டிருந்தாலோ, அதனுடன் அபராதமோ கண்காணிப்போ ஏதேனும் ஒரு வடிவில் தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டிருந்தால், முறையான தீர்ப்பு எழுதப்படாவிட்டாலும் அது தண்டனைதான். நன்னடத்தையைக் கருதி மாநில நீதிமன்றம் பிறகு அந்தப் பதிவை நீக்கினாலும் குடிவரவு நோக்கில் தண்டனை அப்படியே இருக்கும் என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ரோல்டான் வழக்கில் 1999இல் தீர்ப்பளித்தது. வழக்கு நடத்தப்பட்ட முறையிலேயே சட்டக் குறை இருந்தது என்று காட்டித் தீர்ப்பை ரத்து செய்தால் மட்டுமே கணக்கு மாறும் என்று 2003இல் பிக்கரிங் வழக்கில் அதே வாரியம் தெளிவுபடுத்தியது. அந்த ரத்து வேறு மனு, வேறு வாதம். அதற்கும் இக்கட்டுரையில் சொல்லப்படும் நடைமுறைக்கும் தொடர்பில்லை.

இதில் நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம், கண்டிஷனல் டிஸ்மிஸல் எனப்படும் நிபந்தனைத் தள்ளுபடி. முதன்முறை சிறு குற்ற வழக்கில் சிக்கியவருக்கு முனிசிபல் கோர்ட்டில் கிடைக்கும் சலுகை இது. ஓராண்டு கண்காணிப்பில் எந்த வம்புக்கும் போகாமல் இருந்தால் வழக்கு தள்ளுபடியாகும். மாநிலச் சட்டத்தின் கண்ணில் அவருக்குத் தண்டனையே இல்லை. ஆனால் இந்தத் திட்டத்தில் சேரும்போதே அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட வேண்டும். ஒப்புதலும் இருக்கிறது, ஓராண்டுக் கட்டுப்பாடும் இருக்கிறது. மேலே சொன்ன மத்திய வரையறையின் இரண்டு பகுதிகளும் நிறைவேறிவிடுகின்றன. பெரிய குற்றச்சாட்டுகளுக்கு சுப்பீரியர் கோர்ட்டில் உள்ள பி.டி.ஐ. என்ற முன்விசாரணைத் திட்டத்தில், சில வகை வழக்குகளைத் தவிர, ஒப்புதல் தராமலேயே சேர முடியும் என்பதால், சட்டப்படி பெரிய வழக்கு குடிவரவில் சிறிய பாதிப்போடும், சிறிய வழக்கு பெரிய பாதிப்போடும் முடியும் விசித்திரம் நடப்பதுண்டு. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் இந்த வேறுபாட்டை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே எதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் ஆபத்து வருமா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது அவருடைய வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மேலும், கடைத் திருட்டுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்படுபவரிடம், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கைரேகை எடுக்க வேண்டும் என்பது நியூ ஜெர்சி சட்டம். கைரேகை மாநிலப் போலீசிடமிருந்து எஃப்.பி.ஐ. என்ற அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பின் கோப்புக்கும் செல்கிறது. விசா அலுவலரின் திரையில் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கைது தெரிவது இப்படித்தான். 2025 ஏப்ரலில் மத்திய அரசு குற்றப் பதிவுத் தரவுத்தளத்தோடு பெயர்களை ஒப்பிட்டு ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவை, அதாவது மாணவர் விசாவில் இருப்பவர்களைக் கண்காணிக்கும் அரசுத் தரவுத்தளத்தில் உள்ள பதிவை, ரத்து செய்தபோது, வழக்கு தள்ளுபடியாகிப் போனவர்களும் அதில் அகப்பட்டார்கள். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்த பிறகே அந்தப் பதிவுகள் மீட்கப்பட்டன.

அப்படியானால் விசாவில் இருப்பவர் நீக்கம் செய்வதில் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் வரும் தனியார் பின்னணிச் சோதனைகளில் நிம்மதி கிடைப்பது சிறிய விஷயமல்ல. குடிவரவுக்காக நீக்கம் செய்கிறேன் என்று கிளம்புவதுதான் தவறு.

படி ஒன்று: உங்கள் வழக்கு எந்த வகை

காத்திருக்க வேண்டிய காலம் வழக்கு முடிந்த விதத்தைப் பொறுத்தது. விடுதலையாகியோ, குற்றச்சாட்டு தள்ளுபடியாகியோ முடிந்த வழக்குக்குக் காத்திருப்பே கிடையாது; தள்ளுபடியாகும் அன்றே நீக்கத்தைக் கேட்கலாம். நிபந்தனைத் தள்ளுபடி, பி.டி.ஐ. போன்ற திட்டங்களின் வழியாக முடிந்ததற்கு, தள்ளுபடி உத்தரவிலிருந்து 6 மாதம். ஊராட்சி விதி மீறலாகக் குறைக்கப்பட்டு அபராதம் கட்டியிருந்தால் 2 ஆண்டு. டிஸார்டர்லி பெர்சன்ஸ் எனப்படும் சிறு குற்றத்துக்கு 5 ஆண்டு; வலுவான காரணங்களை நீதிபதிக்குக் காட்ட முடிந்தால் 3 ஆண்டு கழிந்ததுமே கேட்கலாம். இன்டைக்டபிள் எனப்படும் பெருங்குற்றத்துக்கும் பொதுவாக 5 ஆண்டுதான். அங்கே முன்கூட்டிய வழி 4 ஆண்டில் திறக்கிறது.

கடைத் திருட்டை எடுத்துக்கொண்டால், பொருளின் விலை 200 டாலருக்குக் குறைவென்றால் அது சிறு குற்றம், முனிசிபல் கோர்ட்டில் முடியும். 200 டாலரைத் தொட்டால் நான்காம் நிலைப் பெருங்குற்றம். 500 டாலருக்கு மேல் போனால் மூன்றாம் நிலை. கடைக்காரர் எழுதும் விலைப்பட்டியலில் ஒரு பொருள் கூடினாலும் வழக்கின் வகையே மாறிவிடும் என்பதால், சம்மனில் எழுதப்பட்ட குற்றத்தையும் இறுதியில் ஒப்புக்கொண்ட குற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் நான்காம் நிலையாகப் பதிவான வழக்கு பேரத்தில் சிறு குற்றமாகக் குறைக்கப்பட்டிருப்பது சாதாரணம்.

காலத்தை எண்ணத் தொடங்கும் நாளில்தான் பலர் சறுக்குகிறார்கள். கைதான நாளிலிருந்து எண்ணக் கூடாது. தண்டனை விதித்த நாள், அபராதத்தைக் கட்டி முடித்த நாள், கண்காணிப்பு முடிந்த நாள், சிறையிலிருந்து வெளிவந்த நாள் ஆகியவற்றுள் எது கடைசியோ அதிலிருந்துதான் கணக்கு. உதாரணமாக, ஒருவர் 2019 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஓராண்டுக் கண்காணிப்பை 2020 மார்ச்சில் முடித்து, தவணையில் கட்டிய அபராதத்தின் கடைசித் தொகையை 2020 ஆகஸ்டில் செலுத்தியிருந்தால், அவருடைய ஐந்தாண்டு 2025 ஆகஸ்டில் நிறைவடையும். அபராதம் நிலுவையில் இருப்பது மட்டுமே நீக்கத்தை என்றென்றைக்கும் தடுத்துவிடாது. பாக்கியை உரிமையியல் கடனாக மாற்றிவிட்டு நீக்கத்தை அனுமதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆனாலும் கட்ட முடிந்தவர் கட்டிவிட்டு ரசீதோடு போவதே எளிது.

எத்தனை வழக்குகளை நீக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஒரு பெருங்குற்றமும் அதனுடன் மூன்று சிறு குற்றங்களும் வரை, அல்லது பெருங்குற்றமே இல்லாமல் ஐந்து சிறு குற்றங்கள் வரை. இதை மீறியவர்களுக்காக 2019 டிசம்பரில் கையெழுத்தாகி 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்த கிளீன் ஸ்லேட் ஏற்பாடு இருக்கிறது. கடைசி வழக்கு முடிந்து 10 ஆண்டு சுத்தமாக இருந்தவர், நீக்கத் தகுதியுள்ள எல்லாவற்றையும் அதன்படி ஒரே மனுவில் நீக்கிக்கொள்ளலாம்.

கொலை, ஆள்கடத்தல், கொள்ளை, தீவைப்பு, பாலியல் வன்முறை, நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி போன்றவை நீங்கவே நீங்கா. நம்மவர்கள் எதிர்பாராமல் முட்டிக்கொள்ளும் சுவர்கள் வேறு இரண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு நியூ ஜெர்சியில் குற்றவியல் சட்டத்தில் இல்லை, மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே குற்றமே அல்ல என்ற நல்ல செய்தியோடு, நீக்கவும் முடியாது என்ற கெட்ட செய்தியும் சேர்ந்தே வரும். அடுத்தது, குடும்ப வன்முறை வழக்கில் வழங்கப்படும், பாதிக்கப்பட்டவரை நெருங்கக் கூடாது என்ற ரெஸ்ட்ரெய்னிங் ஆர்டர். அது குடும்பப் பிரிவு நீதிமன்றத்தின் உரிமையியல் உத்தரவு என்பதால், அதோடு சேர்ந்து வந்த தாக்குதல் வழக்கை நீக்கினாலும் அந்த உத்தரவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

படி இரண்டு: காகிதங்கள்

இந்தப் படியில் நிதானம் வேண்டும். வழக்கு நடந்த முனிசிபல் கோர்ட்டின் கண்ணாடிக் கவுண்டருக்கு நேரில் போய், சான்றிட்ட டிஸ்போசிஷன் வேண்டும் என்று கேளுங்கள். வழக்கு எப்படி முடிந்தது என்பதைச் சொல்லும் தாள் அது. சாதாரண அச்சுப் பிரதியை நீட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நீதிமன்ற முத்திரையும் அலுவலரின் கையெழுத்தும் தாளில் இருக்க வேண்டும். கூடவே புகார்த் தாளான சம்மனின் நகல், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்புதல் படிவம், அபராதம் கட்டிய விவரம், கண்காணிப்பு முடிந்ததற்கான உத்தரவு ஆகியவற்றையும் கேட்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று சான்றிட்ட பிரதிகள் வாங்கிக்கொள்வது நல்லது: ஒன்று கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு, ஒன்று விசா முத்திரைக்கு, ஒன்று வீட்டில். கவுண்டரில் இருப்பவர் சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் எந்தக் காகிதம் கோப்பில் இருக்கிறது என்பதைச் சொல்வார்.

வாங்கியதும் அங்கேயே நின்று புகார் எண்ணைப் பாருங்கள். அதில் நான்கிலக்க நீதிமன்றக் குறியீடு இருக்கும். எடிசனுக்கு 1205, அதில் 12 என்பது மிடில்செக்ஸ் கவுன்டியை, அதாவது மாவட்டத்தை, குறிக்கும். சம்மன் என்றால் எஸ் என்ற எழுத்தும், வாரன்ட் என்றால் டபிள்யூ என்ற எழுத்தும், அடுத்து ஆண்டும், பிறகு வரிசை எண்ணும் வரும். சட்டப்பிரிவு எழுதிய இடத்தில், முதலில் சுமத்திய பிரிவு ஒன்றும், திருத்திய பிரிவு வேறொன்றும் இருக்கலாம். பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளதுபோல் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கும் நம் வழக்கத்தால், கோர்ட் கோப்பில் பெயர் முன்பின்னாகப் பதிவாகியிருப்பது அடிக்கடி நடக்கும்.

இந்தக் காகிதங்களுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? குடிவரவுச் சட்டத்தில் சிறு குற்ற விலக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒழுக்கக்கேடானது என்று கருதப்படும் குற்றத்தை ஒருவர் ஒரே ஒரு முறை செய்திருந்து, அதற்குச் சட்டப்படியான அதிகபட்சத் தண்டனை ஓராண்டுக்கு மேற்படாமலும், அவருக்கு விதிக்கப்பட்டது ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் இருந்தால், அந்தக் குற்றத்தைக் காரணம் காட்டி அவருக்கு நுழைவை மறுப்பதற்கில்லை. நியூ ஜெர்சியில் சிறு குற்றத்துக்கு அதிகபட்சமே ஆறு மாதம்தான் என்பதால், 200 டாலருக்குக் குறைந்த கடைத் திருட்டு பெரும்பாலும் இந்த விலக்கில் வந்துவிடும். ஆனால் வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. நிரூபிக்கும் ஆயுதம் சட்டப்பிரிவும் குற்ற நிலையும் தண்டனையும் எழுதிய அந்தச் சான்றிட்ட தாள்தான். பதிவை நீக்கிய பிறகு அதே கவுண்டரில் போய்க் கேட்டால், அப்படி ஒரு பதிவு இல்லை என்ற பதில்தான் வரும். சட்டப்படி அவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒதுக்கி வைத்த கோப்பைத் திறக்க வேண்டுமானால் சுப்பீரியர் கோர்ட்டில் தனி மனு போட்டு, அவசியமான காரணத்தைக் காட்டி உத்தரவு வாங்க வேண்டும்.

நியூ ஜெர்சிச் சட்டப்படி சிறு குற்றம் குற்றமே அல்ல, ஆகவே குடிவரவுப் படிவத்தில் சொல்ல வேண்டியதில்லை என்று சிலர் வாதிடுவதைக் கேட்கலாம். அந்த வகைத் தீர்ப்பு குடிவரவு நோக்கில் தண்டனையாகுமா என்பது மேல் நீதிமன்றங்கள் வரை போய் வாதிடப்பட்ட கேள்வி. வழக்கறிஞர் எடுத்து வைக்க வேண்டிய வாதம் அது. படிவத்தை நிரப்பும்போது நாமே தீர்ப்பெழுதிக்கொள்ளும் விஷயமல்ல.

நீதிமன்றக் காகிதங்களோடு, மாநிலப் போலீசிடமிருந்து கைரேகை அடிப்படையிலான உங்கள் குற்ற வரலாற்று அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள். கைரேகை நிலையத்தில் நேரம் குறித்துக்கொண்டு போய்க் கொடுத்தால் அறிக்கை வரும். எஸ்.பி.ஐ. எண் என்று, மாநிலப் போலீஸ் கோப்பில் உங்களுக்குரிய அடையாள எண் ஒன்று அதில் இருக்கும். மனுவில் அது தேவைப்படும். மறந்தே போன ஒரு பழைய கைது அதில் தலைகாட்டினால், அதையும் மனுவில் சேர்க்க வேண்டும்.

படி மூன்று: மனு

சிறு வழக்கு முனிசிபல் கோர்ட்டில் நடந்திருந்தாலும், நீக்க மனுவை ஏற்பது கவுன்டி அளவிலான சுப்பீரியர் கோர்ட்டின் குற்றவியல் பிரிவுதான். தண்டனை பெற்ற கவுன்டியில் மனு போடுவது வழக்கம். ஒன்றுக்கு மேற்பட்ட கவுன்டிகளில் வழக்கு இருந்தால் மிகச் சமீபத்திய தண்டனை எங்கேயோ அங்கே. மிடில்செக்ஸ் கவுன்டிக்கு நியூ பிரன்ஸ்விக், மெர்சருக்கு டிரென்டன், சாமர்செட்டுக்கு சாமர்வில், ஹட்சனுக்கு ஜெர்சி சிட்டி.

மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நீதித்துறையின் இணையதளத்தில் ஈ-கோர்ட்ஸ் என்ற மின்னணு முறை வழியாக, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யலாம். பிறந்த தேதி, கைதான தேதி, குற்றமும் சட்டப்பிரிவும், புகார் எண், தீர்ப்பான தேதி, விதித்த தண்டனை ஆகியவை ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியே கேட்கப்படும். கணினி தானாக இழுத்துக் காட்டும் விவரத்தைக் கையில் உள்ள சான்றிட்ட தாளோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். கணினி காட்டாத வழக்கை விட்டுவிட்டால், உத்தரவிலும் அது இடம்பெறாது. உத்தரவில் இல்லாத வழக்கு நீங்காது.

மனுவோடு, நிலுவையில் வேறு குற்ற வழக்கு இல்லை என்பது உள்ளிட்ட உறுதிமொழிகளும் உண்டு. அவை சத்தியத்தின் பேரில் செய்பவை. வேறு மாநிலத்தில் நடந்த வழக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டால், அரசு வழக்கறிஞர் தம் கோப்பில் அதைக் கண்டுபிடிக்கும் நாளில் மனு விழுவதோடு, விண்ணப்பதாரரின் நம்பகத்தன்மையும் விழும். மூன்றாண்டு அல்லது நான்காண்டு முன்கூட்டிய வழியில் கேட்பவர், வேலை பறிபோகும் நிலை, தொழில் உரிமம், படிப்பு, குடும்பப் பொறுப்பு போன்ற காரணங்களை ஆதாரத்தோடு எழுத வேண்டும். நல்லவர் என்று நண்பர்கள் தரும் பொதுவான கடிதத்தை விட, வேலை கொடுக்கத் தயாராக இருந்த நிறுவனம் இந்தப் பதிவால் நிறுத்தி வைத்ததைக் காட்டும் ஒரு மின்னஞ்சலுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

வழக்கறிஞர் வேண்டுமா? ஒரே ஒரு சிறு வழக்கு, தேதிகள் தெளிவு, காலம் முழுமையாக முடிந்துவிட்டது என்றால், நீக்க மனுவுக்கு வேண்டியதில்லை. அந்தப் பணத்தைக் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குச் செலவிடுங்கள். பல வழக்குகள் இருந்தாலோ, முன்கூட்டிய வழியில் கேட்டாலோ, குற்றவியல் வழக்கறிஞர் அவசியம். வருமானம் குறைந்தவர்களுக்கு லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி போன்ற இலவச சட்ட உதவி அமைப்புகள் இந்த மனுக்களில் உதவுகின்றன.

படி நான்கு: விசாரணை நாள்

மனு ஏற்கப்பட்டதும், 35 முதல் 60 நாளுக்குள் வரும் ஒரு தேதியை நீதிமன்றம் விசாரணைக்குக் குறிக்கும். மாநிலப் போலீஸ், கவுன்டி அரசு வழக்கறிஞர், கைது செய்த ஊரின் போலீஸ், வழக்கு நடந்த கோர்ட் ஆகியோருக்கு அறிவிப்பு போகும். மின்னணு முறையில் பெரும்பகுதி தானாகவே நடக்கிறது; ஏதேனும் ஓர் அலுவலகத்துக்கு நீங்கள்தான் அனுப்ப வேண்டும் என்று அறிவிப்பு வந்தால், ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆட்சேபம் எதுவும் வராவிட்டால், நீதிபதி விசாரணையே இல்லாமல் கையெழுத்திடலாம். ஆட்சேபம் வந்தால் பெரும்பாலும் அது தகுதியைப் பற்றியதாக இருக்கும்: காலம் முடியவில்லை, வேறொரு வழக்கு விடுபட்டிருக்கிறது, எண்ணிக்கை வரம்பைத் தாண்டுகிறது என்பவை. இவற்றில் பலவற்றை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, ரசீதை அனுப்பியே தீர்த்துக்கொள்ளலாம். நேரில் வரச் சொன்னால், ஆங்கிலத்தில் தடுமாற்றம் உள்ளவர் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். நீதிமன்றம் கட்டணமின்றி ஏற்பாடு செய்யும். வீட்டுப் பிள்ளையை அதற்கு அழைத்துப் போவது இரு பக்கத்துக்கும் சங்கடம்.

படி ஐந்து: உத்தரவுக்குப் பிறகு

உத்தரவில் கையெழுத்தான அன்றே பதிவு நீங்கிவிடுவதில்லை. அது மாநிலப் போலீசுக்குப் போய், அவர்கள் தம் கோப்பில் நீக்கி, மத்தியக் கோப்புக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தத் தாமதம் எவ்வளவு முற்றியது என்றால், வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் நியூ ஜெர்சி அரசின் பப்ளிக் டிஃபென்டர் அலுவலகமே 2023இல் மாநிலப் போலீஸ் மீது வழக்குத் தொடுத்தது. ஆகவே கையெழுத்தான உத்தரவின் சான்றிட்ட நகல்கள் சிலவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து மறுபடியும் கைரேகை கொடுத்து அறிக்கை வாங்கிப் பார்க்க வேண்டும். வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களின் திட்டப்பணிக்குப் போகும் ஐ.டி. ஊழியர்களுக்குக் கைரேகைச் சோதனை நடப்பதால், அவர்கள் இதைச் செய்யாமல் புது வேலைக்குக் கையெழுத்திடக் கூடாது.

தனியார் பின்னணிச் சோதனை நிறுவனங்கள் பழைய தகவலைத் தங்கள் கோப்பில் வைத்திருப்பது தனித் தொல்லை. நீங்கிய பதிவை ஒரு நிறுவனம் அறிக்கையில் காட்டினால், உத்தரவின் நகலை இணைத்து எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள்; நியாயமான கடன் அறிக்கைச் சட்டப்படி அவர்கள் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துத் திருத்தியாக வேண்டும். அதே நாளில் வேலை தரும் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கும் மறுப்புத் தெரிவித்த விவரத்தைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நிறுவனம் அந்த 30 நாளும் காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

குடிவரவுப் படிவங்களில் மட்டும் வேறு கணக்கு. விசாவுக்கான டிஎஸ்-160, கிரீன் கார்டுக்கான ஐ-485, குடியுரிமைக்கான என்-400 ஆகிய மூன்றும் கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று கேட்கின்றன. மன்னிக்கப்பட்ட, நீக்கப்பட்ட, முத்திரையிடப்பட்ட பதிவுகளையும் சொல்ல வேண்டும் என்பதே அவற்றின் எதிர்பார்ப்பு. வேலை விண்ணப்பத்தில் இல்லை என்று எழுதிய அதே கை இங்கே ஆம் என்று எழுத வேண்டும். சிறு குற்ற விலக்கில் தப்பித்திருக்கக்கூடிய ஒரு கடைத் திருட்டு, படிவத்தில் மறைக்கப்பட்டதால் உண்மைக்குப் புறம்பான தகவல் என்ற நிரந்தரத் தடையாக மாறுவது, இந்த விஷயத்தில் நேரக்கூடிய மிக மோசமான முடிவு. முதல் குற்றத்தைவிட மறைத்ததற்கான விலை அதிகம்.

விசா முத்திரைக்காகச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போவதாக இருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் குடிவரவு வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பில் மேலிருந்து கீழாக வழக்கறிஞரின் கடிதம், சான்றிட்ட டிஸ்போசிஷன், சம்மன் நகல், அந்தக் குற்றத்தின் அதிகபட்சத் தண்டனையைக் காட்டும் சட்டப்பிரிவின் அச்சு, அபராத ரசீது, கடைசியில் நீக்க உத்தரவு என்று அடுக்கி, கைப்பையில் எடுத்துப் போங்கள். செக்-இன் பெட்டியில் போட வேண்டாம். அலுவலர் கேட்டால் மட்டும் கொடுக்கலாம். கூடுதல் பரிசீலனைக்கு என்று பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டால் வாரக்கணக்கில் ஊரில் தங்க நேரிடும் என்பதால், விடுப்பையும் திரும்பும் டிக்கெட்டையும் அதற்கேற்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.